அண்ணலின் உயிர் காத்த சாத்துக்குடிச் சாறு

கத்திரி வெயில் கொளுத்துகிறது. திருவண்ணாமலையிலிருந்து செஞ்சிக்குப் போகும் சாலையில் உள்ள ஊர் கீழ்பென்னாத்தூர். அந்தப் பக்கத்துக் கொல்லைகளில் மல்லாட்டைச் செடி பிடுங்கும் பெண்கள் நடுப்பகலில் மர நிழலுக்கு வந்து சேருகிறார்கள். தூக்கில் கூழ் இருக்கிறது. சொம்பில் தண்ணீர் இருக்கிறது. ஒருத்தி எலுமிச்சம்பழத்தை அறுத்துத் தண்ணீரில் பிழிகிறாள். ஒரு சிட்டிகை உப்பும் கொஞ்சம் சர்க்கரையும் போட்டுக் கலக்குகிறாள். எல்லோரும் ஆளுக்கு ஒரு வாய் குடிக்கிறார்கள். வாடிய முகங்கள் தெளிவடைகின்றன.

தண்ணீர், உப்பு, பழச்சாறு! ஏழை வீட்டிலும் கிடைக்கும் பொருள்கள்தான். ஆனால் உலகமே வணங்கிய ஒரு மாமனிதரின் உயிர், ஒரு சமயம் இந்தப் பொருள்களை நம்பித்தான் நின்றது. அவர்தான் காந்தியடிகள்.

காந்தியடிகள் பல தடவை உண்ணாவிரதம் இருந்தார் என்பது எல்லோருக்கும் தெரியும். அந்த நாட்களில் அவர் என்ன குடித்தார், தண்ணீரின் அருமையை எப்படிக் கற்றுக்கொண்டார் என்பது பலருக்குத் தெரியாது.

தாயின் விரதம்

1869-ம் ஆண்டு அக்டோபர் 2-ந்தேதி குஜராத்தில் உள்ள போர்பந்தரில் காந்தியடிகள் பிறந்தார். அவருடைய தாயார் புத்லிபாய் தெய்வபக்தி மிகுந்தவர். அடிக்கடி விரதம் இருப்பார். ஒரு மழைக்காலத்தில், சூரியனைப் பார்க்காமல் சாப்பிடுவதில்லை என்று விரதம் எடுத்தார்.

மழைக்காலத்தில் சூரியன் எளிதில் தெரியுமா? பிள்ளைகள் வாசலில் நின்று வானத்தையே பார்த்துக் கொண்டிருப்பார்கள். சூரியன் தலை காட்டியதும் உள்ளே ஓடி அம்மாவிடம் சொல்வார்கள். அம்மா வெளியே வருவதற்குள் மேகம் மறைத்துவிடும். அந்தத் தாய் முகம் சுளிக்காமல் வீட்டு வேலைக்குத் திரும்பிவிடுவார். அன்று சாப்பாடு இல்லை.

அந்தக் காட்சி சிறுவனின் மனத்தில் ஆழப் பதிந்தது.

தொண்டை வறண்டது

காந்தியடிகள் பாரிஸ்டர் ஆனார். தென்னாப்பிரிக்காவுக்குச் சென்றார். அங்கே இந்தியர்களின் உரிமைக்காகப் போராடினார். பீனிக்ஸ் என்ற இடத்தில் ஆசிரமம் அமைத்தார்.

1913-ம் ஆண்டில் ஆசிரமவாசிகள் இருவர் ஒழுக்கம் தவறினார்கள். அவர்களைத் தண்டிக்கக் காந்தியடிகளுக்கு மனம் வரவில்லை. பொறுப்பு தம்முடையது என்று எண்ணி, 7 நாள் உண்ணாவிரதம் இருந்தார். அது சுலபமாகவே முடிந்தது.

அடுத்த ஆண்டு மறுபடியும் ஓர் உண்ணாவிரதம் வந்தது. இந்தத் தடவை 14 நாட்கள். முன்பு சுலபமாக முடிந்ததால் அவர் அஜாக்கிரதையாக இருந்துவிட்டார். பட்டினி கிடக்கும்போது தண்ணீர் குமட்டும். அதனால் தண்ணீர் குடிப்பதையே குறைத்துக்கொண்டார்.

விளைவு என்ன? தொண்டை வறண்டது. உடல் தளர்ந்தது. கடைசி நாட்களில் அவருடைய குரல் பக்கத்தில் இருப்பவருக்கு மட்டுமே கேட்கும் அளவுக்கு இறங்கிவிட்டது.

குமட்டினாலும், பிடிக்காவிட்டாலும், விரத காலத்தில் நிறையத் தண்ணீர் குடித்தே தீரவேண்டும். இதைத் தாம் அப்போது அறிந்திருக்கவில்லை என்று பிற்காலத்தில் தம் சுயசரிதையில் அவர் ஒளிக்காமல் ஒப்புக்கொண்டார்.

சீதபேதி தந்த சோதனை

தென்னாப்பிரிக்காவில் இருந்தபோதே, 1912-ம் ஆண்டில், காந்தியடிகள் பாலை விட்டுவிட்டார். பச்சை வேர்க்கடலை, வாழைப்பழம், பேரீச்சம்பழம், எலுமிச்சம்பழம், ஆலிவ் எண்ணெய் ஆகியவையே அவருடைய ஆகாரம். கீழ்பென்னாத்தூர்க் கொல்லையில் விளையும் அதே மல்லாட்டைதான் அந்தப் பெரியவருக்கும் உணவாக இருந்தது!

1915-ம் ஆண்டில் அவர் தாயகம் திரும்பினார். 1918-ம் ஆண்டில் கேடா ஜில்லாவில் ஊர் ஊராக அலைந்து உழைத்தார். அப்போது சீதபேதி கண்டது. முதலில் லேசாகத்தான் இருந்தது. ஒரு பண்டிகை நாளில் கஸ்தூரிபாய் ஆசையோடு செய்து வைத்த இனிப்புப் பலகாரத்தை அவர் சாப்பிட்டுவிட்டார். ஒரு மணி நேரத்தில் நோய் முற்றிவிட்டது.

ஒரே நாளில் முப்பது, நாற்பது தடவை வயிறு போயிற்று. காந்தியடிகள் மருந்து வேண்டாம் என்றார். ஊசியும் வேண்டாம் என்றார். ஆகாரத்தை நிறுத்தினார். ஆரம்பத்தில் பழச்சாறு கூட எடுத்துக்கொள்ளவில்லை. இரும்பு போன்ற அவருடைய தேகம் துரும்பாகியது. இனிப் பிழைக்கமாட்டோம் என்றே அவர் எண்ணிவிட்டார்.

வயிற்றுப்போக்கில் உடம்பிலிருந்து தண்ணீர் மட்டும் போவதில்லை. தண்ணீரோடு உப்புச் சத்துகளும் போகின்றன. போனதை உடனுக்குடன் ஈடு செய்ய வேண்டும். இன்று எந்த டாக்டரும் முதலில் சொல்வது இதைத்தான்.

நோய் மாதக்கணக்கில் நீடித்தது. 1919-ம் ஆண்டு ஜனவரியில் பம்பாயில் டாக்டர் தலால் அவரைப் பார்த்தார். பால் குடித்தால்தான் உடம்பு தேறும் என்றார். பால் குடிப்பதில்லை என்ற சபதம் குறுக்கே நின்றது. அந்தச் சபதம் பசும்பாலையும் எருமைப்பாலையும் நினைத்து எடுத்ததுதானே, ஆட்டுப்பால் குடிக்கலாமே என்று கஸ்தூரிபாய் வழி காட்டினார். காந்தியடிகள் இணங்கினார். பிழைத்தார். ஆனால் சபதத்தின் சொல்லைத்தான் காப்பாற்றினோம், பொருளைக் காப்பாற்றவில்லையே என்ற வருத்தம் அவரை விட்டுப் போகவில்லை.

உப்பும் சோடாவும்

இந்த அனுபவங்களுக்குப் பிறகு காந்தியடிகள் தண்ணீர் விஷயத்தில் எச்சரிக்கையானார்.

1924-ம் ஆண்டில் இந்து-முஸ்லிம் ஒற்றுமைக்காக டில்லியில் 21 நாள் உண்ணாவிரதம் இருந்தார். தண்ணீர் குடிப்பேன், வேண்டும்போது அதில் உப்புச் சேர்த்துக்கொள்வேன் என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டார்.

1932-ம் ஆண்டில், தாழ்த்தப்பட்ட மக்களுக்குத் தனித் தொகுதி வழங்குவதாகப் பிரிட்டிஷ் சர்க்கார் அறிவித்தது. அதை எதிர்த்து எரவாடா சிறையில் செப்டம்பர் 20-ந்தேதி சாகும்வரை உண்ணாவிரதம் தொடங்கினார். அப்போதும் உப்பும் சமையல் சோடாவும் கலந்த தண்ணீர் உண்டு என்று பிரிட்டிஷ் பிரதமருக்கு முன்பே எழுதியிருந்தார். தனித் தொகுதிக்காக வாதாடிய டாக்டர் அம்பேத்கருடன் பேச்சு நடந்தது. 24-ந்தேதி பூனா ஒப்பந்தம் கையெழுத்தாயிற்று. தனித் தொகுதிக்குப் பதிலாக, மாகாண சட்டசபைகளில் 148 இடங்கள் ஒதுக்கப்பட்டன. 26-ந்தேதி கஸ்தூரிபாய் தந்த ஆரஞ்சுச் சாற்றை அருந்திக் காந்தியடிகள் விரதத்தை முடித்தார். கவி தாகூர் அப்போது பக்கத்தில் இருந்தார்.

73 வயதில் எமனோடு போராட்டம்

எல்லாவற்றிலும் பெரிய கண்டம் 1943-ம் ஆண்டில் வந்தது.

முந்தின ஆண்டு ஆகஸ்டில் வெள்ளையனே வெளியேறு இயக்கம் தொடங்கியது. உடனே காந்தியடிகளைக் கைது செய்து பூனாவில் ஆகாகான் மாளிகையில் வைத்தார்கள். அங்கேயே அவருடைய அருமைச் செயலாளர் மகாதேவ தேசாய் காலமானார். நாட்டில் நடந்த பலாத்காரங்களுக்குக் காந்தியடிகளே பொறுப்பு என்று சர்க்கார் பழி சுமத்தியது. அந்தப் பழியைத் தாங்காமல் 21 நாள் உண்ணாவிரதம் இருக்க முடிவு செய்தார்.

அப்போது அவருக்கு வயது 73. வெறும் தண்ணீரை அவர் உடம்பு ஏற்க மறுத்தது. அதனால் தண்ணீரைக் குடிக்கத் தக்கதாக்க எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற பழங்களின் சாற்றைச் சேர்த்துக்கொள்ளப் போவதாக வைசிராய்க்கு முன்னதாகவே கடிதம் எழுதினார். அவர் எதையும் மறைத்துச் செய்ததில்லை. விரதம் முடியும்வரை வெளியே விட்டுவிடுகிறோம் என்று சர்க்கார் சொன்னது. அந்தச் சலுகையை அவர் ஏற்கவில்லை.

பிப்ரவரி 10-ந்தேதி விரதம் தொடங்கியது. நாளுக்கு நாள் உடல் நலிந்தது. விடுதலை செய்ய மறுத்த சர்க்காரைக் கண்டித்து, வைசிராயின் நிர்வாக சபையில் இருந்த மோடி, சர்க்கார், ஆனே என்ற மூன்று இந்தியர்கள் பதவியைத் துறந்தார்கள். கோவில்களிலும் மசூதிகளிலும் மக்கள் பிரார்த்தனை செய்தார்கள். லண்டனிலிருந்த பிரதமர் சர்ச்சிலுக்கோ வேறு எண்ணம். தண்ணீரில் குளுகோஸ் கலக்கிறார்களோ என்று சந்தேகப்பட்டு வைசிராயை விசாரித்தார். அப்படி எதுவும் இல்லை என்று பதில் போயிற்று.

விரதத்தின் நடுப் பகுதியில், 21-ந்தேதி வாக்கில், நெருக்கடி முற்றியது. ஓயாத குமட்டல். ஒரு வாய்த் தண்ணீர் கூட உள்ளே தங்கவில்லை. நாடி பிடித்தால் கிடைக்கவில்லை. டாக்டர் பி. சி. ராய், டாக்டர் கில்டர், டாக்டர் சுசீலா நய்யார் ஆகியோர் கவலையோடு சூழ்ந்து நின்றார்கள். கஸ்தூரிபாய் பிரார்த்தனையில் ஆழ்ந்தார்.

அந்த நேரத்தில் தண்ணீரில் சில அவுன்சு சாத்துக்குடிச் சாறு கலந்து கொடுத்தார்கள். கொஞ்சம் கொஞ்சமாக அது உள்ளே இறங்கியது. குமட்டல் தணிந்தது. தண்ணீர் தங்கியது. முகத்தில் களை திரும்பியது. போய்விடுமோ என்றிருந்த உயிர் நின்றுவிட்டது!

மார்ச் 3-ந்தேதி, கஸ்தூரிபாய் கையால் ஆரஞ்சுச் சாறு பெற்று விரதத்தை நிறைவு செய்தார். அடுத்த ஆண்டு பிப்ரவரி 22-ந்தேதி அதே மாளிகையில் கஸ்தூரிபாய் கண்ணை மூடினார்.

சாறு செய்த வேலை என்ன?

இதில் மாயம் எதுவும் இல்லை. சாப்பாடு இல்லாதபோது உடம்பு தன் கொழுப்பையே எரித்துக்கொள்கிறது. அதனால் ரத்தத்தில் ஒருவகைப் புளிப்புப் பொருள் சேருகிறது. குமட்டலுக்கு அதுவும் ஒரு காரணம். சோடா அந்தப் புளிப்பைக் குறைக்கும். பழச்சாற்றில் உள்ள சிறிதளவு சர்க்கரை, கொழுப்பு எரிவதை மட்டுப்படுத்தும். சாத்துக்குடியில் பொட்டாசியம் என்ற உப்புச் சத்தும் உண்டு. இதயம் ஒழுங்காகத் துடிக்க அது தேவை. எல்லாவற்றுக்கும் மேலாகத் தண்ணீர் வேண்டும். தண்ணீர் இல்லாவிட்டால் சிறுநீரகம் ரத்தத்தில் உள்ள கழிவை வெளியேற்ற முடியாது.

1960-ம் ஆண்டுகளில் விஞ்ஞானிகள் இன்னொன்றையும் தெளிவாக்கினார்கள். குடலில் உப்பும் சர்க்கரையும் கைகோத்துக்கொண்டு உடம்புக்குள் போகின்றன. போகும்போது தண்ணீரையும் கூட இழுத்துச் செல்கின்றன. 1971-ம் ஆண்டில் வங்கதேச அகதிகள் முகாமில் காலரா பரவியது. டாக்டர் திலீப் மகலனாபிஸ் உப்பும் சர்க்கரையும் கலந்த தண்ணீரைப் பீப்பாய் பீப்பாயாகக் கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். இன்று ஆஸ்பத்திரியிலும் மருந்துக் கடையிலும் கிடைக்கும் ஓ.ஆர்.எஸ். பொட்டலம் அந்த வழியில் வந்ததுதான்.

கடைசி விரதம்

1947-ம் ஆண்டு செப்டம்பரில் கல்கத்தாக் கலவரத்தை நிறுத்தக் காந்தியடிகள் பட்டினி கிடந்தார். 1948-ம் ஆண்டு ஜனவரி 13-ந்தேதி டில்லியில் கடைசி உண்ணாவிரதம் தொடங்கியது. அப்போது வயது 78. குடித்த தண்ணீர் சரியாக வெளியேறவில்லை. சிறுநீரகம் கெட்டுவிடுமோ என்று டாக்டர்கள் பயந்தார்கள். எல்லா மதத் தலைவர்களும் வந்து ஒற்றுமையாக இருப்போம் என்று உறுதி அளித்தார்கள். 18-ந்தேதி மௌலானா ஆசாத் கொடுத்த ஆரஞ்சுச் சாற்றை அவர் அருந்தினார்.

பன்னிரண்டே நாட்கள். ஜனவரி 30-ந்தேதி மாலை, பிரார்த்தனைக்குப் போகும் வழியில் துப்பாக்கிக் குண்டுக்கு இரையானார். பட்டினி கொல்லாத உயிரைப் பகை கொன்றுவிட்டது.

வீட்டுக்கு ஒரு பாடம்

குழந்தைக்கு வயிறு போனால் தண்ணீர் கொடுக்கக்கூடாது என்று சொல்லும் பாட்டிமார் இன்றும் உண்டு. அது தவறு. அப்போதுதான் அதிகமாகக் கொடுக்க வேண்டும். தாய்ப்பாலையும் நிறுத்தக்கூடாது. ஓ.ஆர்.எஸ். பொட்டலம் கிடைக்காவிட்டால், கொதித்து ஆறிய ஒரு லிட்டர் தண்ணீரில் தலை தட்டிய ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கரைத்துச் சிறிது சிறிதாகக் கொடுக்கலாம். அளவு மீறக்கூடாது. வயிற்றுப்போக்கின்போது சர்க்கரை மிகுந்த பழச்சாறும் கூடாது. அது நோயை அதிகப்படுத்தும். கண் குழி விழுந்தாலோ, சிறுநீர் போகாவிட்டாலோ, குழந்தை சோர்ந்து கிடந்தாலோ உடனே ஆஸ்பத்திரிக்கு எடுத்துச் செல்ல வேண்டும்.

வெயிலில் உழைப்பவர்கள், கிரிவலம் நடப்பவர்கள் தாகம் எடுக்கும்வரை காத்திருக்கக்கூடாது. உப்புப் போட்ட நீர்மோரும் எலுமிச்சம்பழச் சாறும் அவர்களுக்கு நல்லவை. சர்க்கரை வியாதி, ரத்தக்கொதிப்பு, சிறுநீரக நோய் உள்ளவர்கள் டாக்டரைக் கேட்டுக் குடிப்பது நலம்.

பட்டினியை ஆயுதமாக ஏந்திய மகாத்மாவே தண்ணீரை அலட்சியம் செய்து அவதிப்பட்டார், பிறகு திருந்திக்கொண்டார். கீழ்பென்னாத்தூரில் மர நிழலில் எலுமிச்சம்பழம் பிழியும் அந்தப் பெண்ணுக்கு இந்தக் கதை தெரிந்திருக்காது. ஆனால் அண்ணல் பட்டுத் தெரிந்துகொண்டதை அவள் தினமும் செய்து வருகிறாள். அவள் கையில் இருக்கும் அந்தச் சொம்பு ஒவ்வொரு வீட்டிலும் இருக்கட்டும்.