சிப்பண்டேலின் நிலுவைக் கணக்கு

பழம்பொருள் ஏலங்களில் 'சிப்பண்டேல்' என்ற சொல் அடிக்கடி ஒலிக்கும். வளைந்த கால்களும், துளையிட்டுச் செதுக்கிய முதுகுப் பலகையும் கொண்ட நாற்காலியைக் கண்டால் உலகெங்கும் அந்தப் பெயரைச் சொல்லிவிடுகிறார்கள். அந்தப் பெயருக்குரிய தச்சர் அவற்றில் மிகப் பெரும்பாலானவற்றைக் கண்டதுகூட இல்லை. தாம் செய்த பொருள்களிலும் அவர் முத்திரை பதிக்கும் வழக்கம் இல்லை. ஒரு மேசை அவர் பட்டறையில் உருவானதுதான் என்று இன்று உறுதிசெய்ய வேண்டுமானால், அதை வாங்கிய குடும்பத்தின் பழைய கணக்குக் கட்டுகளில் அவர் அனுப்பிய விலைப் பட்டியலைத் தேட வேண்டும்.

தாமஸ் சிப்பண்டேல் 1718-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் யார்க்‌ஷையர் பகுதியில், ஆட்லி என்னும் சிற்றூரில் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்தார். 1748-இல் லண்டனில் கேத்தரின் ரெட்ஷா என்ற பெண்ணை மணந்தார். அதற்கு முந்தைய முப்பது ஆண்டுகளைப் பற்றிக் கிடைக்கும் செய்திகள் மிகச் சில. அவர் முகம் எப்படி இருந்தது என்று காட்டும் ஓவியமும் இல்லை. ஆட்லியில் நிற்கும் சிலை ஒரு சிற்பியின் கற்பனையே.

1754-இல் அவர் வாழ்க்கை திரும்பியது. ஜேம்ஸ் ரேனி என்ற ஸ்காட்லாந்துக்காரர் முதல் போட, லண்டனின் செயின்ட் மார்ட்டின்ஸ் லேன் தெருவில் பெரிய பட்டறை அமைந்தது. அதே ஆண்டு தம் வடிவமைப்புகளை ஒரு நூலாகவும் சிப்பண்டேல் வெளியிட்டார். நாற்காலி, கட்டில், புத்தக அலமாரி, எழுதுமேசை எனப் பல பொருள்களின் வரைபடங்கள் அதில் இருந்தன. முன்பணம் கட்டி நூலை வாங்க ஒப்புக்கொண்டவர்களுள் பிரபுக்களும் இருந்தனர், தச்சர்களும் இருந்தனர். பிரபு அதைப் பார்த்து ஆணை கொடுத்தார். தச்சரோ அதைப் பார்த்துத் தாமே செய்து விற்றார். தொழில் இரகசியத்தை அச்சிட்டுக் கொடுத்தது வணிக அறிவா, அப்பாவித்தனமா? விளம்பரம் என்ற வகையில் வணிக அறிவு என்பதே என் கருத்து. ஆனால், பிறர் செய்து விற்றதில் அவருக்கு ஒரு பென்னியும் வந்து சேரவில்லை.

ஓராண்டுக்குள் பட்டறையில் தீப்பிடித்தது. 1755 ஏப்ரலில் நேர்ந்த அந்த விபத்தில் 22 தொழிலாளர்களின் கருவிப் பெட்டிகள் எரிந்தன. அக்காலத்தில் உளியும் இழைப்புளியும் தொழிலாளியின் சொந்தச் சொத்து. பெட்டி போனால் அவருடைய பிழைப்பும் போயிற்று.

பட்டறை அதிலிருந்து மீண்டது. ஸ்காட்லாந்தின் டம்ஃபிரீஸ் மாளிகை, யார்க்‌ஷையரின் நாஸ்டெல், ஹேர்வுட் மாளிகைகள் என வாடிக்கையாளர் வட்டம் விரிந்தது. சிப்பண்டேல் செய்தது தச்சு வேலை மட்டுமன்று. ஒரு வீட்டின் உள்ளே வேண்டிய அனைத்தையும் அவரே பொறுப்பேற்றார். திரைச்சீலை, மெத்தை, கண்ணாடி, சுவர்க் காகிதம் என எல்லாம் அதில் அடக்கம். நாஸ்டெல் மாளிகைக்கு 1767-இல் அவர் செய்த நூலக மேசையின் விலை 72 பவுண்டு 10 ஷில்லிங். அதே வீட்டுச் சமையலறைக்கு எல்ம் மரத்தில் இறைச்சி வெட்டும் கட்டை ஒன்றையும் அனுப்பி, அதற்கும் தவறாமல் பட்டியல் போட்டார். ஹேர்வுட் மாளிகைக்கு 1773-இல் கொடுத்த, டயானா, மினர்வா ஆகிய தேவியரின் உருவங்கள் பதித்த அலமாரிக்கு 86 பவுண்டு. ஐரோப்பிய மரவேலையின் உச்சங்களுள் ஒன்றாக இன்றும் அதைப் போற்றுகிறார்கள்.

இந்த மாளிகைகளின் பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்காமல் இருக்க முடியாது. ஹேர்வுட் உரிமையாளர் எட்வின் லாசெல்ஸின் குடும்பச் செல்வம் மேற்கிந்தியத் தீவுகளின் கரும்புத் தோட்டங்களில், அடிமைகளின் உழைப்பில் விளைந்தது. சிப்பண்டேல் இழைத்த மகோகனி மரமும் அதே தீவுகளில் அடிமைகள் வெட்டியதுதான். குடியேற்ற நாடுகளின் மரத்துக்கு 1721-இல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் சுங்க வரி விலக்கு அளித்ததனால்தான் மகோகனி லண்டன் பட்டறைகளில் மலிந்தது.

அதே காலத்தில் அதே நாடாளுமன்றம், இந்தியச் சீட்டித் துணியை உடுத்தவும் வீட்டு அலங்காரத்துக்குப் பயன்படுத்தவும் தடை விதித்தது. அந்தத் தடை சிப்பண்டேலின் பட்டறைக்குள்ளும் நுழைந்தது. புகழ்பெற்ற நடிகர் டேவிட் கேரிக் தம் வீட்டுக்கு ஒரு கட்டில் செய்யச் சொல்லியிருந்தார். கட்டிலின் திரைகளுக்காக அவர் மனைவி வைத்திருந்தது கல்கத்தாவிலிருந்து அன்பளிப்பாக வந்த, சோழமண்டலக் கரையின் மசூலிப்பட்டினத்தில் தயாரான சீட்டித் துணி. சுங்க அதிகாரிகள் அதைப் பறிமுதல் செய்தனர். கேரிக் 1775-இல் கருவூலத்தில் இருந்த நண்பருக்கு எழுதி மன்றாட வேண்டியதாயிற்று. அந்தக் கட்டில் இன்று லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. நம் நெசவாளர்களின் வீழ்ச்சியை வகுப்பில் பாடமாக நடத்திய எனக்கு, ஒரு தச்சரின் வரலாற்றில் அதே சட்டம் எதிர்ப்பட்டது வியப்பாக இருந்தது.

ஆனால், சிப்பண்டேலை வாட்டியது சுங்கத்தைவிடக் கடனே. மரம், பித்தளைக் கைப்பிடி, பட்டு, கூலி ஆகிய எல்லாவற்றுக்கும் முதலில் அவர் பணம் போட வேண்டும். மாளிகைக்காரரோ தமக்கு வசதியான நாளில் கொடுப்பார். கென்ட் பகுதியின் சர் எட்வர்டு நாட்ச்புல், தம் குத்தகைப் பணம் ஆண்டுக்கு ஒருமுறை வருவதால் தாமும் ஆண்டுக்கு ஒருமுறைதான் கணக்குத் தீர்ப்பது என்று சொல்லிவிட்டார். நாஸ்டெல் மாளிகையின் சர் ரோலண்டு வின் இன்னும் கடினமான மனிதர். வேலை தாமதமானால் சினந்து கடிதம் எழுதுவார். பணம் தருவதில் தாமும் தாமதிப்பார். சிப்பண்டேலின் பதில் கடிதங்களில் மன்னிப்பும் கெஞ்சலும் மாறி மாறி வருகின்றன. கையில் பணம் இல்லாததால் வேலை தாமதமாகும். வேலை தாமதமாவதால் பணமும் நிற்கும். நடைமுறை மூலதனம் என்று நாங்கள் பாடநூலில் எழுதுவது இதைத்தான். வசதியற்ற தச்சர் வசதி படைத்தவருக்கு வட்டியில்லாக் கடன் கொடுத்துக்கொண்டிருந்தார் என்று சொன்னால் இன்னும் தெளிவாக விளங்கும்.

1766-இல் ரேனி இறந்தபோது இந்த நிலை வெளிப்பட்டது. அவர் பங்கைப் பிரித்துக் கொடுப்பதற்காகக் கையிருப்புப் பொருள்களை ஏலம் விட நேர்ந்தது. சில ஆண்டுகள் தனியே சமாளித்த சிப்பண்டேல், 1771-இல் ரேனியிடம் கணக்கராக இருந்த தாமஸ் ஹெய்க்கைப் பங்காளியாகச் சேர்த்துக்கொண்டார். கலைஞருக்கு அப்போது தேவைப்பட்டவர் ஒரு கணக்கரே.

இந்த இடத்தில் என் கதையையும் சொல்லியாக வேண்டும். ஓய்வு பெற்றபின் என் புத்தகங்களுக்காகச் சுவரின் அளவுக்கு அலமாரிகள் செய்யச் சொன்னேன். நான் கொடுத்த முன்பணம் தேக்குப் பலகை வாங்கவே சரியாகப் போயிற்று. வேலை முடிந்த பிறகு, என் ஓய்வூதிய நிலுவை வரட்டும் என்று மீதியை நான்கு மாதம் இழுத்தேன். தச்சர் இரண்டு முறை வந்து, அலமாரிக் கதவு சரியாக மூடுகிறதா என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். எதற்காக வந்தார் என்று எனக்குத் தெரியும். தெரியாததுபோல் காபி கொடுத்து அனுப்பினேன். நாட்ச்புல் பிரபுவின் கதையைப் படித்தபோது அந்தக் காபி நினைவுக்கு வந்தது.

1772-இல் கேத்தரின் இறந்தார். சிப்பண்டேல் 1777-இல் மறுமணம் செய்துகொண்டார். இரண்டே ஆண்டுகளில், 1779 நவம்பரில், காசநோயால் மறைந்து, பட்டறை இருந்த தெருவுக்கு அருகிலுள்ள செயின்ட் மார்ட்டின் தேவாலய வளாகத்தில் அடக்கம் செய்யப்பட்டார். மூத்த மகனுக்கும் தாமஸ் என்றே பெயர். வடிவமைப்பில் தந்தைக்குச் சற்றும் குறையாத அவர், ஹெய்க்குடன் சேர்ந்து பட்டறையைத் தொடர்ந்தார். 1796-இல் ஹெய்க் விலகினார். 1804-இல் மகன் திவாலானார். பட்டறையின் பொருள்கள் ஏலத்தில் போயின.