ஆற்றின் போக்கறிந்த யந்திரம்

வைகையின் குணம் மதுரைக்காரருக்குச் சொல்லித் தெரிய வேண்டுமா? ஐப்பசியில் கரை தொட்டு ஓடும். சித்திரையில் மணலாய்க் கிடக்கும். சமவெளி ஆறுகள் பலவும் இப்படித்தான். அருவிபோல் உயரத்திலிருந்து விழுவதில்லை. ஒரே அளவாய் ஓடுவதுமில்லை. அத்தகைய ஆற்றையும் மின்சாரம் தர வைத்த எஞ்சினியர் ஒருவரின் வாழ்வை நம் தோழர்கள் அறிய வேண்டும். அவர்தான் விக்டர் காப்லான்.

1876 நவம்பர் 27ஆம் நாள், ஆஸ்திரியாவில் ரயில்வே ஊழியர் குடும்பத்தில் பிறந்தார். வியன்னாவில் படித்தார், தொழிற்சாலையில் வேலை பார்த்தார், 1903இல், இன்று செக் நாட்டிலுள்ள புருனோ நகரின் தொழில்நுட்பக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அந்நாளில் கொடிகட்டிப் பறந்தது பிரான்சிஸ் டர்பைன். அதன் சக்கரத்து இறக்கைகள் அசையாமல் பொருத்தப்பட்டவை. நீர்வரத்து மாறினால், நீர் வந்து மோதும் கோணம் தப்பும், திறன் சரியும். காற்று திசை மாறிய பின்னும் நின்ற இடத்திலேயே நின்று நெல் தூற்றுவது போன்றது அது!

காப்லான் என்ன செய்தார்? கப்பலின் அடியில் சுழலும் விசிறியைப் போலச் சக்கரத்தை அமைத்தார். ஒவ்வோர் இறக்கையும் தன் அச்சில் திரும்பும்படி செய்தார். நீரை உள்ளே செலுத்தும் தகடுகளும் இறக்கைகளும் ஒன்றுக்கொன்று இசைந்து திரும்பும். வரத்து பெருகினால் இறக்கை திறந்து கொடுக்கும். குறைந்தால் படிந்து கொள்ளும். சுழற்சி நிற்காதபோதே இத்தனையும் நடக்கும்!

1912 முதல் இதற்குக் காப்புரிமை கேட்டார். பெரிய கம்பெனிகள் நம்பவில்லை. உரிமையை எதிர்த்து வழக்காடவும் செய்தன. இடையில் உலகப் போர் மூண்டது. கைகொடுத்தது புருனோவின் ஸ்டோரெக் வார்ப்பாலை. அங்கே வார்த்த முதல் டர்பைன், 1919இல் ஆஸ்திரியாவின் வெல்ம் என்ற ஊரில் நெசவாலை ஒன்றை ஓட்டியது. அதன் திறன் வெறும் 35 குதிரைச் சக்தி! பஞ்சாலைச் சங்கொலியில் விழித்தெழுந்து வளர்ந்த மதுரைக்கு இந்தச் செய்தி இனிக்காதா?

சோதனை அத்துடன் தீரவில்லை. நீரின் அழுத்தம் தாழுமிடத்தில் ஆவிக்குமிழ்கள் தோன்றி, உடைந்து, இரும்பையே அரித்தன. 1922இல் காப்லானே கடும் நோயில் வீழ்ந்தார். ஆனால் கருத்து வீழவில்லை. 1920களின் நடுவில் ஸ்வீடனின் லில்லா எடெட்டில் 8 மெகாவாட் டர்பைன் சுழன்றது, எதிர்த்தவர்கள் வாயடைத்தனர். 1934 ஆகஸ்ட் 23ஆம் நாள் காப்லான் மறைந்தார்.

நம் நாட்டுக்கு இதனால் என்ன பயன் எனக் கேட்கலாம். பெரியாற்று நீர் மலையிலிருந்து விழுகிறது. அங்கே இந்த டர்பைனுக்கு வேலையில்லை. ஆனால் மேட்டூருக்குக் கீழே, காவிரி சமவெளியில் இறங்கும் இடத்தில், சில மீட்டர் வீழ்ச்சியை வைத்தே தடுப்பணை மின்நிலையங்கள் இயங்குகின்றன. அங்குள்ள 15 மெகாவாட் டர்பைன்கள் காப்லான் வழியில் வந்த குமிழ் வகை.

ஒன்றை மறவாதிருப்போம். கருத்தைத் தந்தவர் காப்லான். அதை இரும்பில் வார்த்தவன் வார்ப்பாலைத் தொழிலாளி. இன்றும் குழிவிழுந்த இறக்கையை வெல்டிங் வைத்து, ராவி, மீண்டும் சுழல விடுவது தொழிலாளியின் கைதான். அறிவும் உழைப்பும் கைகோத்தால், கம்பெனிகள் கைவிட்ட யந்திரமும் ஓடும். தாழ ஓடும் ஆறும் ஒளி தரும்!