ஆற்றைப் படித்தவர்

அமெரிக்காவின் மேற்கே, மழை அரிதான பாலை நிலத்தை அறுத்துக்கொண்டு ஓடுகிறது கொலராடோ ஆறு. அது பல மில்லியன் ஆண்டுகளாகப் பாறையை அரித்து உருவாக்கியதே கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்கு. அந்த ஆற்றின் பாதையைப் படகில் சென்று ஆராய்ந்து உலகிற்கு அறிவித்தவர் ஜான் வெஸ்லி பவல்.

பவல் 1834ஆம் ஆண்டு நியூயார்க் மாநிலத்தில் பிறந்தார். இளமையிலேயே மிசிசிப்பி, ஒஹாயோ ஆறுகளில் படகோட்டிச் சென்று சிப்பிகளைச் சேகரித்தார். அமெரிக்க உள்நாட்டுப் போரின்போது, 1862இல் ஷைலோ என்னுமிடத்தில் குண்டு பாய்ந்து வலக்கையை இழந்தார். ஆயினும் அவரது ஆர்வம் குன்றவில்லை.

1869ஆம் ஆண்டு மே 24ஆம் நாள், ஒன்பது பேருடன் நான்கு படகுகளில் அவர் புறப்பட்டார். சுமார் இரண்டு வாரங்களில் ஒரு படகு பாறையில் மோதிச் சிதறியது. பத்து மாதங்களுக்கென எடுத்துச் சென்ற உணவில் ஒரு பகுதி நீரில் போனது; எஞ்சியதிலும் பெருமளவு நனைந்து கெட்டது. ஒருவர் வழியிலேயே விலகினார். ஆகஸ்டு 28ஆம் நாள், கொடிய நீர்ப்பாய்ச்சல் ஒன்றைக் கண்டு அஞ்சிய மூவர் கரையேறிச் சென்றனர். அவர்கள் உயிருடன் திரும்பவே இல்லை. துணிந்து படகைச் செலுத்திய மற்ற அறுவரும் இரண்டே நாளில் பள்ளத்தாக்கைக் கடந்தனர்.

இத்தகைய பள்ளத்தாக்குகளில் ஆறு தன் வரலாற்றைத் தானே எழுதி வைக்கிறது. திடீர் வெள்ளம் கிளைப் பள்ளத்தாக்குகளிலிருந்து பெரும்பாறைகளை உருட்டி வந்து ஆற்றின் குறுக்கே குவிக்கிறது. அங்கேதான் நீர் சீறிப் பாய்கிறது. வேகம் குறையும் இடங்களில் மணல் படிந்து திட்டுகளாகிறது. ஆறு மேலும் ஆழமாக அரிக்கும்போது, பழைய கரைகளில் படிந்த கூழாங்கல்லும் வண்டலும் படிக்கட்டுகள் போல உயரத்தில் தங்கிவிடுகின்றன. மேலே உள்ள படி பெரும்பாலும் மூத்தது. கீழே உள்ளது இளையது.

ஓர் ஆறு எந்த ஆழம் வரை அரிக்க முடியும் என்பதற்கும் பவல் விளக்கம் தந்தார். அது சென்று சேரும் கடலின் மட்டமே அதன் இறுதி எல்லை என்றார். அக்கருத்து நிலவியலின் அடிப்படைகளுள் ஒன்றாயிற்று.

பிறகு அவர் அமெரிக்க நிலவியல் ஆய்வுத்துறைக்குத் தலைமை தாங்கினார். மேற்கில் உள்ள நிலம் முழுவதற்கும் பாய்ச்சப் போதிய நீர் இல்லை என 1893இல் ஒரு மாநாட்டில் எச்சரித்தபோது, கூட்டத்தினர் கூச்சலிட்டு எதிர்த்தனர். அவர் தம் கருத்தை மாற்றிக்கொள்ளவில்லை. 1902இல் அவர் காலமானார்.

கொலராடோவின் குறுக்கே கட்டப்பட்ட அணையால் உருவான பெரிய ஏரி இன்று அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது. ஆறு சுமந்துவரும் வண்டல் அந்த ஏரியிலேயே தங்கிவிடுவதால், கீழே உள்ள மணல் திட்டுகள் தேய்ந்து வருகின்றன. நீண்ட வறட்சியால் ஏரியின் நீர்மட்டமும் வெகுவாகத் தாழ்ந்துள்ளது. அன்று எள்ளப்பட்ட எச்சரிக்கையின் பொருள் இன்று பலருக்கும் விளங்குகிறது.