தமையனின் ஊதியத்தில் படித்த மேகநாத் சாகா

ஒரகடம், ஸ்ரீபெரும்புதூர் ஆலைகளில் ஒப்பந்த முறையில் பணியாற்றும் இளைஞர்களின் வழக்குகளுக்காக அவர்களுடைய வாடகை அறைகளுக்கு நாங்கள் செல்வதுண்டு. இயற்பியல் பட்டதாரிகளும் அங்கே உண்டு. மேற்கொண்டு ஏன் படிக்கவில்லை என்றால், ஊரில் தம்பியோ தங்கையோ படிப்பதாகச் சொல்வார்கள். ஒருவரை அறிவியலுக்கு அழைத்து வருவது ஆர்வமே என்கின்றன பாடநூல்கள். அந்த ஆர்வத்துக்குச் சோறிட்டவர் யார் என அவை கேட்பதில்லை. மேகநாத் சாகாவின் வாழ்வை அக்கேள்வியோடு வாசிக்கலாம்.

டாக்கா அருகே சியோராதலி என்னும் சிற்றூரில், சிறு மளிகைக் கடைக்காரரின் மகனாக 1893இல் பிறந்தார் சாகா. மகனைக் கடையில் உட்கார வைக்கவே தந்தை விரும்பினார். அண்ணன் ஜெயநாத் விடவில்லை. அனந்தகுமார் தாஸ் என்ற மருத்துவரைத் தேடிப் பிடித்தார். அவர் வீட்டில் உணவும் இடமும் கிடைத்தன. தன் தட்டைத் தானே கழுவ வேண்டும், பசுவைப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்பவை நிபந்தனைகள். பின்னர் டாக்காவில் படித்தபோது, சணல் நிறுவனத்தில் தான் பெற்ற சொற்ப ஊதியத்திலிருந்து மாதம் 5 ரூபாய் அனுப்பியவரும் அந்த அண்ணனே. வங்கப் பிரிவினையை எதிர்த்த மாணவர் புறக்கணிப்பில் கலந்துகொண்டதற்காகப் பள்ளி அவரை வெளியேற்றியது, உதவித்தொகையும் போயிற்று. உதவித்தொகை நின்றால் என்னவாகும் என்பது நம் வாசகர்களுக்கு விளக்கத் தேவையில்லாத செய்தி.

1911இல் கல்கத்தா மாநிலக் கல்லூரியில் சேர்ந்தார். இங்கே ஒரு சட்டக் குறிப்பு: மேற்கு வங்கத்தின் பட்டியல் சாதிகளில் இன்று சுன்றி சமூகம் உண்டு, சாகாக்கள் நீங்கலாக என்ற வரையறையோடு. ஆயினும் ஈடன் இந்து விடுதியில் அவர் தனிப் பந்தியில்தான் உண்ண வேண்டியிருந்தது. சரஸ்வதி பூசை மேடையிலும் அவருக்கு இடமில்லை. கல்விக்குரியவளாகச் சொல்லப்படும் தெய்வத்தின் பூசை அது.

படிப்பு முடிந்ததும் அவர் நாடியது அரசின் நிதித் துறைப் பணி. குடும்பத்தைத் தாங்க அதுவே வழி. புரட்சியாளர்களோடு தொடர்புள்ளவர் என்று ஐயுற்ற அரசு, தேர்வெழுதவே அனுமதிக்கவில்லை. மிதிவண்டியில் நகரெங்கும் சென்று தனி வகுப்பெடுத்துப் பிழைத்தார். 1916இல் பல்கலைக்கழக அறிவியல் கல்லூரியில் விரிவுரையாளரானார். ஆக்னஸ் கிளார்க் வானியல் பற்றி எழுதிய நூல்கள் விண்மீன்களின் பக்கம் அவரைத் திருப்பின. ஆர்வம் பொய்யன்று, ஆனால் அதற்கு முன்னே ஒரு கதவு மூடப்பட்டிருந்தது, ஒரு வயிறு நிரப்பப்பட்டிருந்தது.

1920இல் அவர் வெளியிட்ட அயனியாக்கச் சமன்பாடு, எந்த வெப்பத்திலும் அழுத்தத்திலும் அணுக்கள் எவ்வளவு எலெக்ட்ரான்களை இழக்கும் என்பதைக் கணக்கிட்டது. விண்மீன்களின் நிறமாலைகள் வேறுபடுவதற்கு வெப்பநிலையே முதன்மைக் காரணம் என்பது அதனால் தெளிவாயிற்று. அதைக் கொண்டே சிசிலியா பெய்ன் 1925இல், விண்மீன்களில் ஹைட்ரஜனே மிகுதி என்ற முடிவுக்கு வந்தார்.

1927இல் லண்டன் ராயல் சொசைட்டி அவரைத் தன் உறுப்பினராக்கியது. 1952இல் சுயேச்சையாக நின்று மக்களவைக்கு வென்ற அவர், நேருவின் அரசைக் கடுமையாகக் கேள்வி கேட்டார். 1956 பிப்ரவரி 16 அன்று திட்டக் குழு அலுவலகத்துக்குச் செல்லும் வழியில், டெல்லியில் மயங்கி விழுந்து இறந்தார். அப்போது அவருக்கு வயது 62.