கிருபாபாய் சத்தியநாதன்

நுவரெலியாவைப் போல் குளிரும் தேயிலையும் உள்ள மலையூர் ஊட்டி. அங்கே பெண்பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் நடத்திய கிருபாபாய் சத்தியநாதனை இன்றைய மாணவியர் அறியவேண்டும் என்று விரும்புகிறோம்.

1862 இல் அகமத்நகரில், கிறிஸ்தவத்தைத் தழுவிய ஒரு பிராமணக் குடும்பத்தில் பிறந்தார். தகப்பனார் சிறுவயதிலேயே காலமானார். புத்தகங்களில் ஆசையூட்டிய அண்ணன் பாஸ்கரும் இளமையில் இறந்தார். வைத்தியராக வேண்டும் என்பதே கிருபாபாயின் கனவு. இங்கிலாந்தில் படிக்க உதவிப்பணம் கிடைத்தும், உடல் தாங்காது என்று போகவில்லை. 1878 இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் சேர்ந்தார். முதலாம் ஆண்டிலேயே பரிசுகள் குவிந்தன. ஆனால் அளவுக்கு மீறிய படிப்பால் உடல்நிலை அடியோடு கெட்டது. 1879 இல் புனேயிலிருந்த சகோதரியின் வீட்டுக்குப் போகவேண்டியதாயிற்று. வைத்தியப் படிப்பு அதோடு நின்றது.

சென்னையில் அவர் தங்கியிருந்தது போதகர் டபிள்யூ. டி. சத்தியநாதனின் இல்லம். போதகரின் மனைவி அன்னா பெண்கல்விக்காக உழைத்தவர். ஆகவே ஜெபக் குறைவால் வந்த தளர்ச்சி இது என்று யாரும் சொல்ல முடியாது. இதை ஏன் அழுத்திச் சொல்கிறோம்? நம் தோட்டத்துப் பிள்ளைகளும் லயத்தில் எல்லாரும் தூங்கிய பிறகு புத்தகத்தைத் திறந்து, விடியற்காலையில் வெறும் தேத்தண்ணியோடு பஸ் ஏறுகிறார்கள். சாதாரண தரப் பரீட்சை வரும் நேரம் காய்ச்சலில் படுத்துவிடுகிறார்கள். இன்னும் அதிகமாக ஜெபி, இன்னும் அதிகமாகப் படி என்று மட்டும் அவர்களிடம் சொல்வது நியாயமில்லை. ஓய்வுநாளைக் கட்டளையாகவே தந்தவர் நம் ஆண்டவர்.

1881 இல் போதகரின் மகன் சாமுவேலை மணந்தார். ஊட்டியில் கணவர் தலைமையாசிரியராக இருக்க, கிருபாபாய் முஸ்லிம் பெண்பிள்ளைகளுக்காக ஒரு பள்ளியைத் தொடங்கினார். பத்திரிகைகளுக்கும் எழுதினார். பின்பு சென்னை திரும்பியதும் தம் வாழ்க்கையையே சகுணா என்ற ஆங்கில நாவலாக்கினார். 1887, 1888 ஆம் ஆண்டுகளில் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியின் மாத சஞ்சிகையில் அது பகுதி பகுதியாக வெளிவந்தது. ஒரே மூச்சில் ஓடி விழுந்தவர், மாதாமாதம் கொஞ்சம் கொஞ்சமாக ஒரு நூலையே முடித்துவிட்டார்! கைக்குழந்தையைப் பறிகொடுத்த துக்கமும் நோயும் வாட்டிய காலத்தில் கமலா என்ற இரண்டாவது நாவலையும் எழுதி முடித்தார். இரண்டும் பிற்பாடு தமிழிலும் வந்தன.

1894 இல் கண்மூடியபோது வயது 32. அவர் படிப்பை முடிக்க முடியாமற்போன அதே மருத்துவக் கல்லூரியில், பெண்கள் படிப்பதற்காக அவர் பெயரில் ஓர் உதவிப்பணத்தை நண்பர்கள் ஏற்படுத்தினார்கள்.