பெயர் இரவல் கொடுக்கப்பட்ட பிரபு

2011 ஆம் ஆண்டு வெளிவந்த 'அநொனிமஸ்' என்ற ஆங்கிலத் திரைப்படம் பிரித்தானியாவில் பெரிய வாதத்தைக் கிளப்பியது. சேக்ஸ்பியரின் நாடகங்களை எழுதியவர் சேக்ஸ்பியர் அல்ல, 17 ஆவது ஒக்ஸ்போர்ட் பிரபு எட்வேர்ட் டி வியர்தான் என்று அந்தப் படம் சொன்னது. ரோலன்ட் எமரிச் இயக்கிய படத்தில் பிரபுவாக ரைஸ் இஃபான்ஸ் நடித்தார். முதலாம் எலிசபெத் மகாராணியின் இளமையையும் முதுமையையும் ஜோலி ரிச்சர்ட்சன், வனெசா ரெட்கிரேவ் என்ற மகளும் தாயும் நடித்தார்கள். படம் சொன்னதை ஒரு பக்கம் வைத்துவிட்டு, அந்தப் பிரபு யார் என்று பார்ப்போம்.

எட்வேர்ட் டி வியர் 1550 ஏப்ரல் 12 இல் எசெக்ஸ் மாவட்டத்தின் ஹெடிங்காம் கோட்டையில் பிறந்தார். 1562 இல் தந்தை இறந்தபோது அவருக்கு வயது 12. பட்டம் அவரிடம் வந்தது. ஆனால் வயது வராத பிரபு அரசியின் பொறுப்பில் வளரவேண்டும் என்பது அக்கால வழக்கம். எனவே மகாராணியின் வலது கையாக இருந்த வில்லியம் செசிலின் இலண்டன் வீட்டுக்கு அனுப்பப்பட்டார். கல்வி, நடனம், வாள்வீச்சு எல்லாம் அங்கேதான்.

17 வயதில் வாள் பயிற்சியின்போது அவர் கையால் ஒரு சமையல் உதவியாளன் இறந்தான். அந்த ஏழை தானே வாளின் மீது பாய்ந்து உயிரை மாய்த்துக்கொண்டான் என்று நடுவர் குழு தீர்ப்புச் சொன்னது. பிரபுவுக்குத் தண்டனை இல்லை. பெரிய இடத்துப் பிள்ளைக்கு ஒரு நீதி, ஏழைக்கு இன்னொரு நீதி என்பது நாங்கள் அறியாத கதை அல்ல.

1571 இல் செசிலின் மகள் ஆனை மணந்தார். 1575 இல் இத்தாலிக்குப் பயணமானார். வெளிநாட்டில் இருந்தபோது மகள் பிறந்தாள். 1576 இல் திரும்பும் வழியில் கடற்கொள்ளையரிடம் உடைமைகளைப் பறிகொடுத்தார். கரை இறங்கியதும் மனைவியைப் பார்க்கவே மறுத்தார். பிள்ளை தன்னுடையதா என்ற சந்தேகம் மனதில் புகுந்திருந்தது. ஐந்து ஆண்டுகளுக்கு மேல் இருவரும் பிரிந்திருந்தார்கள். இதற்கிடையில் மகாராணியின் தோழிகளில் ஒருவரான ஆன் வவசோருக்கு 1581 இல் இவரால் ஒரு மகன் பிறந்தான். சினந்த மகாராணி இருவரையும் இலண்டன் கோபுரச் சிறையில் அடைத்தார். அடுத்த ஆண்டு அந்தப் பெண்ணின் உறவினரோடு வாட்சண்டையிட்டுக் காயமும் பட்டார்.

பரம்பரைக் காணிகளை ஒவ்வொன்றாக விற்றார். 1586 இல் மகாராணி ஆண்டுக்கு 1000 பவுண் உதவித்தொகை வழங்கியதால் மானம் தப்பியது. 1588 இல் மனைவி இறந்தார். 1591 இல் மறுமணம். 1593 இல் வாரிசாக ஒரு மகன். 1601 இல் மகாராணிக்கு எதிராகக் கிளர்ந்த எசெக்ஸ் பிரபுவை விசாரித்த பிரபுக்களின் அவையிலும் அமர்ந்தார். 1604 யூன் 24 இல் ஹக்னியில் காலமானார். இன்று எங்கள் மக்கள் நாளாந்தம் பஸ்ஸில் கடந்துபோகும் அதே ஹக்னிதான்.

அவர் கவிதை எழுதினார், நாடகக்குழு ஒன்றையும் ஆதரித்தார். இவை உண்மை. ஆனால் சேக்ஸ்பியர் அவரே என்று அவர் வாழ்ந்த காலத்தில் எவரும் சொன்னதாகச் சான்று இல்லை. 1920 இல் தோமஸ் லூனி என்ற ஆங்கிலேயப் பாடசாலை ஆசிரியர்தான் இதைப் புத்தகமாக எழுதினார். உளவியல் அறிஞர் பிராய்டும் அதை நம்பினார். கையுறை செய்பவரின் மகன், பல்கலைக்கழகம் போகாதவன், அரண்மனையையும் இத்தாலியையும் எப்படி எழுதினான் என்பதே அவர்களின் கேள்வி.

விடை கடினமானதல்ல. பிரபு இறந்தது 1604 இல். 'மக்பெத்', 'புயல்' போன்ற நாடகங்கள் அதன் பின்னரே எழுதப்பட்டன என்பது பெரும்பாலான அறிஞரின் முடிவு. 1598 இல் பிரான்சிஸ் மியர்ஸ் வெளியிட்ட நூல், சிறந்த நாடகாசிரியர் வரிசையில் ஒக்ஸ்போர்ட் பிரபுவையும் சேக்ஸ்பியரையும் தனித்தனியாகக் குறிக்கிறது. 1623 இல் 36 நாடகங்களைத் தொகுத்து அச்சேற்றியவர்கள் சேக்ஸ்பியரோடு மேடையேறிய நடிகர்கள். படமோ வரலாற்றை விருப்பம்போல வளைத்தது. எசெக்ஸ் கிளர்ச்சிக்கு முதல்நாள் மேடையேறியது 'இரண்டாம் ரிச்சர்ட்'. படத்தில் அது 'மூன்றாம் ரிச்சர்ட்' ஆகிவிட்டது. 1593 இலேயே கொல்லப்பட்ட நாடகாசிரியர் மார்லோ, படத்தில் அதற்குப் பிறகும் நடமாடுகிறார்.

மட்டக்களப்பு மண்ணின் விபுலானந்த அடிகள் 'மதங்க சூளாமணி' எழுதியபோது சேக்ஸ்பியரைச் 'செகசிற்பியார்' என்று தமிழாக்கினார். அந்தச் சிற்பி எந்தக் குலத்தில் பிறந்தார் என்பது அடிகளுக்குத் தடையாக இருக்கவில்லை.

சேக்ஸ்பியரின் கையெழுத்துப் பிரதி இல்லை, பாடசாலைப் பதிவேடு இல்லை, ஆகவே அவர் எழுதவில்லை என்ற வாதம் எங்களை ஏன் உறுத்துகிறது? பிறப்புச் சான்றிதழும் பள்ளிச் சான்றிதழும் எரிந்துபோன வீட்டோடு போனவர்கள் எங்களில் எத்தனை பேர்! அகதி விண்ணப்ப விசாரணையில், தாள் இல்லாததால் எங்கள் ஊரும் படிப்பும் தொழிலும் சந்தேகிக்கப்பட்டதை நாங்கள் மறக்கவில்லை. தாள் தொலைந்ததால் வாழ்ந்த வாழ்வு பொய்யாகிவிடாது.

டி வியரின் சொந்த வாழ்க்கையே ஒரு நாடகத்துக்குப் போதும். அதற்காக ஸ்ட்ராட்போர்டுத் தொழிலாளி மகனின் உழைப்பைப் பறித்து அவருக்குக் கொடுக்கவேண்டியதில்லை. எங்கள் பிள்ளைகள் இந்தப் படத்தைப் பார்க்கட்டும். பார்த்த பிறகு, ஏழை வீட்டுப் பிள்ளையாலும் இவ்வளவு எழுத முடியும் என்பதை அவர்களுக்கு நாங்கள் சொல்லிக் கொடுப்போம்.