தென்னைக்கும் வண்டுக்கும் பெயர் வைத்தவர்

இருசொற்பெயரிடும் முறையைத் தந்தவர் லின்னேயஸ் என்று ஒரு மதிப்பெண்ணுக்கு எழுதிவிட்டுப் போய்விடுகிறோம். அவர் கதையில் நம்ம தென்னந்தோப்பும் வருகிறது, தெரியுமா?

கார்ல் லின்னேயஸ் 1707 மே 23-ல் சுவீடன் நாட்டில் ஒரு கிராமத்தில் பிறந்தார். அப்பா பாதிரியார். பையன் எப்போ பார்த்தாலும் செடி கொடி பின்னாலேயே சுற்றினான். இவனுக்குப் படிப்பு வராது, கைத்தொழிலுக்கு அனுப்புங்கள் என்று ஆசிரியர்கள் சொன்னார்களாம்! ஒரு டாக்டர்தான் மருத்துவம் படிக்க வழிகாட்டினார். 1741-ல் உப்சாலா பல்கலைக்கழகப் பேராசிரியர் ஆனார்.

ஒரு சமயம் அரசாங்கம் கப்பல் கட்ட வைத்திருந்த ஓக் மரங்கள் உள்ளுக்குள்ளேயே குடையப்பட்டு வீணாகின. அரசர் லின்னேயசைக் கேட்டார். ஒரு வண்டின் வேலை என்று அவர் கண்டுபிடித்தார். அது முட்டையிடும் காலத்தில் மரத்தைத் தண்ணீரில் அமுக்கி வைக்கச் சொன்னார். மருந்தே கிடையாது. எனக்கு ரொம்பப் பிடித்த இடம் இதுதான்.

அவர் இந்தியாவுக்கு வந்ததே இல்லை. ஆனாலும் 1753-ல் தென்னைக்குக் கோகஸ் நியூசிஃபெரா என்றும், பனைக்குப் பொராசஸ் ஃபிளாபெல்லிஃபர் என்றும் பெயர் வைத்தார். 1758-ல் தென்னங்குருத்தைத் துளைக்கும் காண்டாமிருக வண்டுக்கும் ரைனோசெரஸ் என்று பெயர் வைத்தார். திண்டிவனம், மரக்காணம் பக்கம் தோப்பு உள்ளவர்களுக்கு இந்த வண்டை நல்லாத் தெரியும். ஓலை விரிந்தால் கத்தரிக்கோலால் வெட்டின மாதிரி இருக்கும். எருக்குழியைக் கிளறினால் வெள்ளையாய்ச் சுருண்டு கிடக்குமே, அந்தக் கொழுத்த புழுதான் வளர்ந்து இந்த வண்டாகிறது.

நம்ம பக்கத்து வண்டு கப்பலும் ஏறிவிட்டது. 1909-ல் இலங்கையிலிருந்து போன ரப்பர் கன்றுகளோடு பசிபிக் கடலில் உள்ள சமோவா தீவுக்குப் போனது. 1953-ல் ஃபிஜி, 2007-ல் குவாம், 2013-ல் ஹவாய். தென்னையை நம்பிப் பிழைக்கும் தீவுகளில் மரங்கள் மொட்டையாயின. சமோவாவில் இந்த வண்டைக் கொல்லும் நோய் இல்லை. 1963-ல் மலேசியாவில் அந்த நோய்க்கிருமியைக் கண்டுபிடித்து, 1967-ல் சமோவாவில் விட்டார்கள். வண்டு குறைந்தது. அங்கேயும் இங்கேயும் இருப்பது ஒரே வண்டு என்று தெரிந்தால்தானே மருந்தை எங்கே தேடுவது என்று தெரியும்? ஊருக்கு ஒரு பெயரில் கூப்பிட்டிருந்தால் கஷ்டம்தான் என்று எனக்குத் தோன்றுகிறது.

அவருடைய மாணவர் கோனிக் 1768-ல் நம்ம தரங்கம்பாடிக்கு டாக்டராக வந்தார். தூரதேசம் போன மாணவர்களில் சிலர் வழியிலேயே இறந்துபோனார்கள்.

கடைசிக் காலத்தில் லின்னேயசுக்குப் பக்கவாதம் வந்து ஞாபகம் போய்விட்டது. தன் புத்தகத்தையே படித்துப் பாராட்டுவாராம், எழுதியது தான்தான் என்று தெரியாமலே. 1778 ஜனவரி 10-ல் இறந்தார். உப்சாலா பேராலயத்தில் அடக்கம் செய்தார்கள்.